மூடிய அறைப் பயிருக்குக் கரியமில வாயு தனியே வேண்டுமா?

முத்தியால்பேட்டை மாடித்தோட்டம்:
எல்.இ.டி. விளக்கின் கீழ், ஏ.சி. அறையில் லெட்யூஸ் என்னும் சாலட் கீரை வளர்ப்பவர்கள் சிலிண்டர் வாங்கிக் கரியமில வாயு செலுத்த வேண்டும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. வெளிக்காற்றில் ஏற்கெனவே ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) இருக்கிறது. வெளிச்சம் போதாத அறையில் அதை 1000 ஆக உயர்த்தினாலும் இலையால் முழுமையாகப் பயன்படுத்த இயலாது. விளக்கைக் கூட்டி, வெளிக்காற்றை இழுக்க ஒரு விசிறி வைத்தால் போதும்.

மஞ்சக்குப்பம் விவசாயி:
அம்மா, வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, விசிறியில்தான் மாறுபடுகிறேன். வீட்டு ஸ்பிளிட் ஏ.சி. அறைக்காற்றையே சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் கொண்ட அறையின் காற்றில் உள்ள கரியமில வாயு ஏறத்தாழ 20 கிராம் மட்டுமே. அடுக்கடுக்காகப் பயிர் வைத்து நல்ல வெளிச்சமும் கொடுத்தால், அந்த இருப்பு ஓரிரு மணி நேரத்தில் பாதியாகிப் பயிர் பட்டினி கிடக்கும். விசிறி போட்டால் சரியாகும் என்கிறீர்கள்; ஆனால் கத்திரி வெயிலில் கடலூரிலும் புதுவையிலும் உள்ளே வருவது 38 டிகிரி வெப்பமும் கடற்கரை ஈரமும் சேர்ந்த காற்று, அதைக் குளிர்வித்து உலர்த்தும் மின்கட்டணத்தை யார் கட்டுவது? இந்த அறையை 1000 பிபிஎம்முக்கு உயர்த்த ஒரு முறைக்கு 30 கிராம் வாயு போதும்.

முத்தியால்பேட்டை மாடித்தோட்டம்:
கதவிடுக்கில் கசிவில்லாத அறைக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும், ஐயா. மேலும், உள்ளே வேலை செய்யும் ஒருவரின் மூச்சே மணிக்கு 30 கிராமுக்கு மேல் தருகிறதே! என் பெரிய கவலை ஆபத்தைப் பற்றியது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையோரம் தேங்கும். 5000 பிபிஎம் என்பது எட்டு மணி நேரப் பணிக்கான வரம்பு, 40,000 என்பது உயிருக்கே ஆபத்தான அளவு. 31 டிகிரிக்கு மேல் சிலிண்டருக்குள் திரவமே இருக்காது, அழுத்தம் வேகமாக ஏறும். மொட்டைமாடி வெயிலில் அதை நிறுத்தி வைப்பதை எண்ணிப் பாருங்கள்.

வில்லியனூர் காளான் பண்ணை:
சிப்பிக் காளான் அறையில் கரியமில வாயு 1000 பிபிஎம்மை வெகுவாகத் தாண்டினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும் என்பதால், அந்தக் காற்றை நாங்கள் எப்படியும் வெளியேற்றியாக வேண்டும். அதைக் குழாய் வழியே கீரை அறைக்கு விடலாமே?

மஞ்சக்குப்பம் விவசாயி:
விடலாம், ஆனால் காளான் வித்துகள் ஒவ்வாமை தருபவை என்பதால் வடிகட்டி கட்டாயம். எந்தக் கீரை என்பதும் முக்கியம். முளைக்கீரையும் தண்டுக்கீரையும் ஒளிச்சேர்க்கையில் சி4 எனப்படும் வகை; இலைக்குள்ளேயே இவ்வாயுவைச் செறிவூட்டிக்கொள்வதால் கூடுதலாகக் கொடுப்பதில் பெரிய பயனில்லை. அப்படிச் செறிவூட்டிக்கொள்ளாத பாலக், லெட்யூஸ், தக்காளி ஆகிய சி3 வகைப் பயிர்களுக்குத்தான் பலன் தெரியும். அவற்றிலும் இலைத்துளைகள் சுருங்கி நீராவிப்போக்கு குறைவதால், லெட்யூஸின் இளம் இலைகளுக்குச் சுண்ணாம்புச்சத்து எட்டாமல் நுனி கருகலாம். ஆகவே உள்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். ஆபத்தைப் பற்றி அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்: சிலிண்டர் அறைக்கு வெளியே நிழலில் நிற்கட்டும், தரையருகே எச்சரிக்கை மணியுள்ள மீட்டர் இருக்கட்டும்.

முத்தியால்பேட்டை மாடித்தோட்டம்:
அப்படியானால் முதலில் மீட்டரை வாங்கச் சொல்லுங்கள். விளக்கு எரியும் நேரத்தில் அளவு 400க்குக் கீழே இறங்குவதை அது காட்டாத வரையில் சிலிண்டரைப் பரிந்துரைக்க மாட்டேன். படுக்கையறையை ஒட்டிய அறைக்கு, மீட்டர் எதைக் காட்டினாலும் பரிந்துரைக்க மாட்டேன்.