தரங்கம்பாடியின் மக்கள்தொகையை எந்த எல்லைக்குள் எண்ணுவது?

கேட்டவர்: குடந்தை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு சிறிய கடற்கரை ஊரை எடுத்துக்கொண்டு அதன் நிலம், நீர், மக்கள் ஆகியவற்றைப் பற்றி எழுத வேண்டும். பேருந்தில் ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்பதாலும், பார்க்க நிறைய இருக்கிறது என்பதாலும் தரங்கம்பாடியைத் தேர்ந்தெடுத்தோம்.

சென்ற மாதம் முன்னேற்பாடாக நான் மட்டும் போய் வந்தேன். ஊர் வாயிலில் நுழைந்து, இரு தேவாலயங்களையும் கடந்து, டேனியக் கோட்டை வரைக்கும் மெதுவாக நடந்தும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வழியில் எதிர்ப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் 2011 கணக்கெடுப்பு தரங்கம்பாடிக்கு 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகையைக் காட்டுகிறது. நான் பார்த்த தெருக்களில் அதில் பத்தில் ஒரு பங்கு மக்கள் வாழ்ந்தால்கூட வியப்புதான். மாணவர்கள் எந்த எண்ணை எழுதுவது? முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து அறியப்பட்ட துறைமுகம் ஏன் பெரிய நகரமாக வளரவில்லை என்பதையும், கடல் ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லப்படுவது எவ்வளவு உண்மை என்பதையும் ஊரை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பொறையாற்றுக்காரர்

ஐயா, நீங்கள் நடந்து பார்த்தது மதிலுக்குள் இருந்த பழைய ஊரை மட்டும்தான். கணக்கெடுப்பில் உள்ள எண் தரங்கம்பாடிப் பேரூராட்சி முழுவதற்கும் உரியது. கோட்டையிலிருந்து மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் பொறையாறும் அந்தப் பேரூராட்சிக்குள் அடங்கியதே. கடைத்தெரு, பேருந்து நிலையம், கல்லூரி எல்லாம் எங்கள் பக்கம்தான். மீன் வாங்கவும் கடற்கரைக்குப் போகவும்தான் நாங்கள் தரங்கம்பாடிக்குப் போவோம். துணி எடுக்கவும் மருந்து வாங்கவும் அவர்கள் இங்கே வருவார்கள். இரண்டும் ஒரே ஊரின் இரு பாதிகள் என்று சொல்வதே பொருத்தம். இந்தப் பிணைப்பும் புதிதன்று. டேனியர் ஆட்சிப்பகுதியில் பொறையாறும் இருந்தது. இங்குள்ள பெத்லகேம் தேவாலயம் 1746-இல் எழுப்பப்பட்டது.

ஆகவே மாணவர்கள் 23 ஆயிரம் என்று எழுதலாம். ஆனால் அதன் அருகிலேயே 'பேரூராட்சி எல்லை, 2011' என்றும் குறிக்கட்டும். கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்கத்தில் வார்டுவாரியாகவும் எண்கள் கிடைக்கும். கடலோர வார்டுகளைத் தனியே கூட்டிப் பார்த்தால் நீங்கள் கண்ணால் கண்டதற்கு நெருக்கமான எண் வரும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மயிலாடுதுறை மாவட்டம் 2020 டிசம்பரில்தான் உருவானது என்பதால், 2011 கணக்கெடுப்பு நூல்களில் நாகப்பட்டினம் மாவட்டத்தின் கீழேதான் தேட வேண்டும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், இப்போதைக்கு நம் கையில் இருப்பது அந்தப் பழைய எண்ணே.

அந்த எண்ணுக்குள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பேரூராட்சியில் ஆண்களைவிடப் பெண்களின் எண்ணிக்கை கூடுதல். எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டால், வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஒருவரையாவது அனுப்பாத வீடு குறைவு. நான்கு ஆண்டுகளாக வெளிநாட்டில் இருக்கும் மகனைக் கணக்கெடுப்பாளர் அந்த வீட்டு ஆளாக எண்ண மாட்டார். அவன் அனுப்பும் பணத்தில் கட்டிய மாடி மட்டும் வீட்டுக் கணக்கில் ஏறும். 2001-க்கும் 2011-க்கும் இடையில் மாநில மக்கள்தொகை 15.6 விழுக்காடு கூடியபோது, இங்கே வளர்ச்சி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே நின்றதற்கு இந்த வெளியேற்றமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

மறுமொழி: கடைமடை

ஊர் ஏன் வளரவில்லை என்ற கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். தரங்கம்பாடிக்கு இயற்கைத் துறைமுகம் என்று எதுவும் இல்லை. இது காவிரிப் படுகையின் கடைசி விளிம்பு. கடல்மட்டத்தைவிடச் சில மீட்டர்களே உயர்ந்த மணல்மேட்டின் மேல் ஊர் அமர்ந்திருக்கிறது. கோட்டைக்குத் தெற்கே உப்பனாறு கடலில் சேர்கிறது; இன்னும் தெற்கே நண்டலாற்றைக் கடந்தால் காரைக்கால் எல்லை வந்துவிடும். வடக்கே சுமார் இருபது கிலோமீட்டரில் பூம்புகார். இந்தக் கரை நெடுகக் கடல் ஆழம் குறைவு. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட, சரக்கைச் சிறு தோணிகளில் ஏற்றி அலையைக் கடந்து கரை சேர்க்க வேண்டியிருந்தது. பாய்மரக் காலத்தில் அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. ஏனெனில் அருகிலிருந்த எல்லாத் துறைகளுக்கும் நிலைமை அதுவே.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனியர் வந்தனர். அந்த ஆண்டே டேன்ஸ்போர்க் கோட்டை தொடங்கப்பட்டது. 1706-இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்திறங்கினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சேறியது. தமிழ் அச்சு வரலாற்றில் இந்த ஊருக்கு இருக்கும் இடத்தைச் சொல்ல ஒரு தனி இழையே வேண்டும் என்பதால் அதைக் கடந்து செல்கிறேன். 1845-இல் டேனியர் தங்கள் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். அதன்பின் சில காலம் மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாகவும் ஊர் விளங்கியது; 1860-இல் அந்தப் பெருமையும் தஞ்சைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியதும், சரக்கு முழுவதும் நாகையை நோக்கித் திரும்பியது. என்னைப் பொறுத்தவரை தரங்கம்பாடியின் வளர்ச்சி நின்ற இடம் அதுதான்.

மயிலாடுதுறையிலிருந்து இங்கே இரயில் வந்தபோது ஆண்டு 1926. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வந்த அந்த மீட்டர் பாதை 1980-களில் மூடப்பட்டது. சிறுவனாக அப்பாவோடு அதில் வந்திருக்கிறேன். பெட்டிக்குள் வயல் காற்று மாறி உப்புக் காற்று வீசும் இடம் வரும்போது, 'பொறையாறு வந்துட்டுது, செருப்ப மாட்டு' என்பார் அப்பா. வளர்த்திருக்கக்கூடிய காலத்தில் வராத பாதை, மக்களுக்குப் பழகிப்போன பின் பறிக்கப்பட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று மிகுதி, அது உடலுக்கு நல்லது என்று பலரும் எழுதுகிறார்கள். அதை மாணவர்களின் ஏட்டில் ஏற்ற வேண்டாம். நிலமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் அது நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு. மேலே, வளிமண்டல அடுக்கில் இருப்பதே நமக்குக் காப்பு. இங்கு வீசுவது நல்ல கடற்காற்று. அதற்கு வேறு பட்டம் தேவையில்லை.

மறுமொழி: அலைவாய்க்கரை

நான் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். கடலைப் பற்றி நான் சொல்கிறேன்.

கடல் வந்துகொண்டிருப்பது உண்மை. மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. ஊரைச் சடங்கன்பாடி என்று அதன் கல்வெட்டு குறிக்கிறது. கோயில் கட்டுபவர்கள் யாரும் அலை நனைக்கும் இடத்தில் கால் நாட்டியிருக்க மாட்டார்கள். இன்று அதன் முன்பகுதி இல்லை; கடல் எடுத்துக்கொண்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை பின்வாங்கும் நொடியில் அந்தக் கற்களுக்கிடையே நின்று உற்றுப் பாருங்கள். விளிம்பு தேய்ந்து வழுவழுப்பான பழஞ்செங்கல் துண்டுகள் உருள்வது தெரியும். என் பாட்டி கடலுக்குள் கைகாட்டி, 'அங்கனதான் நாங்க வலை காயப்போடுவோம்' என்பார். அவர் காட்டிய இடத்தில் இப்போது படகுதான் போகும்.

ஆனால் கடல் ஒரே சீராக உள்ளே வருவதில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். சோழகக் காற்றுக் காலத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடைக்காற்றில் வடக்கிலிருந்து தெற்கே வரும். ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வடக்கு நோக்கிப் போவதே அதிகம். அதனால் இந்தக் கரையில் எங்கே கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டினாலும், அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். ஓரிடத்தைக் காக்கும் கல் அடுத்த ஊரின் மணலை நிறுத்திவிடுகிறது. கற்சுவர் கேட்டு நாங்கள் போராடியதும் உண்டு. அடுத்த குப்பத்தார் முகத்தைப் பார்க்கக் கூசியதும் உண்டு.

மக்கள்தொகைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் தெருவை அலை அள்ளிக்கொண்டு போனது. அதன்பின் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்களுக்கு உள்ளே தள்ளி வீடு தருவது என்று 2005-இல் அரசாணை வந்தது. எங்கள் குடும்பமும் மேற்கே போயிற்று. இப்போது நாங்கள் உறங்குவது ஓரிடம், தொழில் வேறிடம். விடியலுக்கு முன் பைக்கில் வலையை வைத்துக்கொண்டு கரைக்கு வருகிறோம், ஃபைபர் படகை டிராக்டரில் கட்டி மணலில் இழுக்கிறோம், மதியம் திரும்பிவிடுகிறோம். கணக்கெடுப்பாளர் உறங்கும் இடத்தில்தான் எங்களை எண்ணுவார். காலை ஆறு மணிக்கு ஏலம் நடக்கும் கரையில் நின்று எண்ணினால் உங்களுக்கு வேறொரு தரங்கம்பாடி கிடைக்கும். நீங்கள் போனது நண்பகலாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் கடற்கரையும் தெருவும் வெறிச்சோடித்தான் கிடக்கும்.

கேட்டவர்: குடந்தை ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆம், நான் வந்தது நண்பகலில்தான். வார்டுவாரி எண்களை எடுத்து, பேரூராட்சி வரைபடத்தில் மாணவர்களைக் கொண்டே வண்ணம் தீட்டச் செய்யப்போகிறேன். கோயில் சுவரிலிருந்து அலை நனைக்கும் கோடு வரை கயிறு பிடித்து அளக்கவும் எண்ணம். எந்த மாதத்தில் வந்தால் அளவு சரியாக இருக்கும்?

மறுமொழி: அலைவாய்க்கரை

ஒரு முறை அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஐயா. வாடைக்காலத்தில் புயலும் அலையும் மணலை வாரிக்கொண்டு போய்விடும் என்பதால், மார்கழி முடிந்து தையில் வந்தால் கரை மிகக் குறுகியிருக்கும். ஆடி, ஆவணியில் வந்தால் மணல் திரும்பி வந்து விரிந்து கிடக்கும். இரண்டு பருவத்திலும் ஒரே கல்லில் கயிற்றைக் கட்டி அளந்து, அடுத்த ஆண்டு அதே மாதங்களில் மீண்டும் அளவெடுங்கள். இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். என்றாலும் சரிவு குறைந்த மணலில் கோடு நகரும், ஆகையால் அளந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கும் பிள்ளை கல்லின் மேல் ஏறக் கூடாது, பாசி வழுக்கும். முந்தின நாளே இங்கே எழுதிவிடுங்கள். எங்கள் ஆட்கள் இருவர் கரையில் நிற்பார்கள்.