கடல் கடந்து படமெடுக்கப் போகிறவர்களுக்கு, மலையிலிருந்து

குன்னூர்

இலங்கை மலையகம், நேபாளம், வடக்கு வியட்நாம் என்று நான்கு மாதம் சுற்றப் போவதாக எழுதியிருந்த தம்பிக்கு. இங்கே ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு மலையூர்க்காரர் எழுதுகிறோம், எழுதுகிறவரின் ஊர்தான் தலைப்பு. கேமரா, லென்ஸ் விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள். ஆட்களைப் படமெடுப்பது பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

நாமெல்லாம் படம் பிடிக்கப்படுகிற ஊர்க்காரர்கள். சீசன் வந்தால் லேம்ப்ஸ் ராக் சாலையோரம் வண்டியை நிறுத்தி, கொழுந்து பறிக்கிற அக்காமார் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அவர்கள் போன பிறகு காட்டுக்குள் என்ன பேச்சு நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். இலங்கையின் ஹட்டனிலோ வியட்நாமின் சாப்பாவிலோ இறங்கிய நிமிடத்திலிருந்து அந்த வண்டியில் வந்தவர் நாம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு போனாலே நடை மாறும்.

தேயிலைக் காட்டில் எல்லாம் எடைக் கணக்கு. கிலோவுக்குக் கூலி, அல்லது இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி. "இங்க பாருங்கக்கா" என்று நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அவர் கூலியில் போகிறது. ஆகவே பறிக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் நேரே எடை போடும் இடத்துக்குப் போய்விடுங்கள். இலங்கைத் தோட்டங்களில் அதைக் கொழுந்து மடுவம் என்பார்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை எடை நடக்கும். வரிசையில் நிற்கிற நேரம் கை சும்மா இருக்கும், பேச்சும் வரும். கேமராவைப் பையிலேயே வைத்து அரை மணி நேரம் பேசிவிட்டு, "நாளைக்குக் காட்டுக்கு வந்து எடுக்கட்டுமா" என்று கேளுங்கள். கங்காணியிடமும் தோட்ட ஆபீசிலும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இறங்கினால் நீங்கள் போன பிறகு ஏச்சு வாங்குவது கங்காணி.

காட்டுக்குள் நிற்கும் இடம், அவருக்கு இரண்டு மூன்று நிரை கீழே. சரிவில் கீழிருந்து பார்த்தால்தான் குனிந்த முகம் தெரியும். மேலிருந்து எடுத்தால் முக்காடும் கூடையும் மட்டும்தான். விரல் உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும். விரல் கலங்கி முகம் தெளிவாக வர வேண்டுமென்றால் 1/30 வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு எடுங்கள், பெரும்பாலானவை தேறாது. கொழுந்தைத் தோளுக்குப் பின்னால் எறியும்போது தலை ஒரு நொடி நிமிரும். முகத்தில் வானத்து வெளிச்சம் முழுதாக விழுவது அப்போதுதான். வெள்ளைச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள். படச் சட்டம் முழுக்கப் பச்சை இருந்தால் கேமரா அதைச் சரிக்கட்ட மெஜந்தாவைக் கூட்டி, தோலைச் செம்மையாக்கிவிடும். மேகமூட்டத்தில் 6000 முதல் 6500 கெல்வினுக்குள் நிலையாக வைத்துவிட்டு, தாடைக்கடியில் படியும் பச்சையைப் பிறகு கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம்.

கூடலூர்

அண்ணா சொன்ன மடுவம் வழி சரியானது. அதோடு ஒன்று சேர்க்கிறேன். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் 1964-இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் நிறையப் பேர். அதனால் ஹட்டன், பொகவந்தலாவை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் நீலகிரியிலிருந்து வருகிறேன் என்று சொன்னால், "எங்க பெரியப்பா குடும்பம் அங்கதான் போச்சு" என்று யாராவது சொல்லக்கூடும். பெயரையும் எஸ்டேட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். கண்டுபிடித்துத் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை நம்பி ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் காத்திருக்கும்.

அப்படிப் பேசும் வீட்டில் பழைய ஸ்டூடியோ படம் வெளியே வரும். கல்யாணப் படம், கப்பலேறும் முன் எடுத்த படம். அதை நன்றாகப் பிரதியெடுத்துக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி நம் கேமராவால் செய்ய முடியாது என்பேன். முறை இது.

சட்டகத்திலிருந்து படத்தைப் பிரிக்காதீர்கள். மலை ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகமே பெயர்ந்து வரும். கண்ணாடியோடேயே எடுங்கள். வாசல் அல்லது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில், ஏறக்குறைய 45 பாகையில் விழும்படி சட்டகத்தைச் சாய்த்து வையுங்கள். ஃபிளாஷ் கூடாது, வீட்டு விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் தெரிந்தால் கறுப்புத் துணி ஒன்றை நடுவில் ஓட்டை போட்டு லென்ஸில் மாட்டிப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். லென்ஸ் 50 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. அகல லென்ஸில் ஓரங்கள் வளையும். லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 100 அல்லது 200, முக்காலி, இரண்டு நொடி டைமர். கேமரா படத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க, சட்டகத்தின் நடுவில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் வ்யூஃபைண்டரின் நட்டநடுவே தெரிந்தால் நேராக இருக்கிறது. பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு எடுங்கள். சட்டகத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ எழுத்தோ இருந்தால் அதற்கும் ஒன்று.

அடுத்தது பூஞ்சை. தேவாலா மழையில் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் பல நாள் நின்றால் இருட்டுப் பைக்குள் லென்ஸின் உட்கண்ணாடியில் நூல் நூலாகப் பிடிக்கத் தொடங்கும். வீட்டில் டிரை கேபினெட்டை, அதாவது ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரியை, 40–50 விழுக்காட்டில் வைக்கிறோம். பயணத்தில் அது நடக்காது. ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஐந்து லிட்டர் அளவில், 200 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் துணிப்பையில் கட்டி, கூட ஒரு சின்ன ஈரமானி. ஜெல் பச்சையானதும் தங்கும் இடத்தின் அடுப்பில் வாணலியில் சிறு தீயில் நிறம் திரும்பும்வரை கிளறி, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். தீயைக் கூட்டினால் ஜெல் கறுத்துப் பயனில்லாமல் போகும். அரிசி போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், அதன் மாவு ஃபோகஸ் வளையத்துக்குள் இறங்கும். தோல் உறை, நனைந்த துணிப்பட்டை இரண்டையும் டப்பாவுக்குள் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பதே அவைதான்.

கோத்தகிரி

மூடுபனி பற்றிச் சுருக்கமாக. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் கோடநாட்டுப் பனியும் சாப்பாவின் பனியும் அழுக்காக வருகின்றன. ஒளியளவுத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) கூட்டல் 1 வையுங்கள். நேபாளத்துப் பனிமலை சட்டம் முழுக்க நிறைந்தால் கூட்டல் 1.3, சில வேளை 1.7. ஆனால் அந்தப் பனிக்கு நடுவே கறுத்த முகம் ஒன்று நின்றால் இந்தக் கணக்குப் போதாது. முகத்தை நெருங்கிப் புள்ளி அளவீட்டில் (ஸ்பாட் மீட்டரிங்) பார்த்து, முகத்துக்கே அளவை வைத்து, கறுத்த தோல் நடுச் சாம்பலாக வெளுக்காதபடி சற்றுக் கழித்துவிட்டு, பின்னணி வெளுத்தாலும் விடுங்கள். நம் தோல் நிறத்தை வெளுப்பாக்கிக் காட்டவும் வேண்டாம், நிழலில் புதைக்கவும் வேண்டாம். வியட்நாமில் மோங் மக்கள் உடுத்தும் அவுரி சாயத் துணிக்கு நேரெதிர்க் கணக்கு: ஏறக்குறைய கறுப்பான அந்தத் துணி சட்டத்தை நிறைத்தால் கேமரா வெளுக்க வைக்கும், கழித்தல் 0.7 வேண்டும்.

லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டி எடுத்துப் போங்கள். நனைந்த இலையின் பளபளப்பை அது வெட்டும், ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்). அகல லென்ஸில் நீல வானத்துக்குப் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும்.

ஊட்டி

தம்பி, போகும் இடத்தின் அட்சரேகையைப் பார்த்து வெளிச்சத்தைத் திட்டமிடு. ஊட்டி 11.4 பாகை வடக்கு. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23 வாக்கிலும் இங்கே நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கண்குழி இரண்டும் இருண்டுபோகும். நுவரெலியா 7 பாகை. அங்கே அது ஏப்ரல் முதல் பாதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வரும். அந்த வாரங்களில் பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரை முகங்களை வராந்தாவிலோ மரநிழலிலோ மட்டும் எடு. காத்மாண்டு 27.7 பாகை, கடக ரேகைக்கு வெளியே. சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராது. குளிர்காலத்தில் அங்கே பகல் முழுக்கச் சாய்வெயில் கிடைக்கும். நம் பக்கம் அந்தி சட்டென்று முடிந்துவிடும். வடக்கே போகப்போக நீளும்.

குளிருக்கு வருவோம். அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர், தொட்டபெட்டா 2,637. ஜனவரி உறைபனியில் தலைகுந்தாவில் பேட்டரி எவ்வளவு சீக்கிரம் சரிகிறது என்று பார்த்திருப்பாய். மேலே அது இன்னும் மோசம். குறைந்தது மூன்று பேட்டரி இருக்கட்டும். பயன்படுத்தாத இரண்டும் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், இரவில் தூங்கும் பைக்குள். தீர்ந்ததாகக் காட்டிய பேட்டரியைச் சூடாக்கினால் கொஞ்சம் உயிர் வரும், அதைக் கடைசிப் படங்களுக்கு வைத்துக்கொள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன், வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிட வேண்டும். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். ஒன்றிரண்டு மணி நேரம் திறக்காதே. படம் பார்க்கும் அவசரம் இருந்தால் மெமரி கார்டை மட்டும் பனியிலேயே கழற்றிக்கொள்.

விமானத்தில் உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான். 100 வாட் மணி வரை முன் அனுமதி தேவையில்லை. 20,000 மில்லியாம்பியர் பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர் மணி × 3.7 வோல்ட், அதாவது 74 வாட் மணி. அந்த எண் அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும், அழிந்திருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் கேமரா, லென்ஸ் வரிசை எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடு. பையை செக்-இன் செய்யும் முன் செய்ய வேண்டிய வேலை இது. இல்லாவிட்டால் திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியதில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உன் தலையில் விழும்.

ஃபிலிம் தயாரித்த அரசு ஆலையான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, இங்கே இன்னும் ஃபிலிம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு: விமான நிலையங்களில் பெருகிவரும் சிடி ஸ்கேனரில் ஒருமுறை போனாலே ஃபிலிம் மூட்டம் போடும். ஒளிபுகும் பையில் தனியாக வைத்துக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேள். எடுத்த உடனே படத்தாளை வெளியே தரும் இன்ஸ்டாக்ஸும் ஐஎஸ்ஓ 800 ஃபிலிம்தான், அதற்கும் இதே கதி. 5 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் படம் வெளிறி நீலம் பாயும். வெளியே வந்த தாளை உடனே அக்குளில் வைத்துக்கொண்டால் நிறம் பிழைக்கும்.

கொடைக்கானல்

ஊட்டி ஐயா எழுதியதில் கோப்புகள் விட்டுப்போயின. 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கிய ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) 25 முதல் 30 எம்பி. நாளுக்கு 300 படம் என்றால் 9 ஜிபி, நான்கு மாதத்துக்கு 1 டிபியைத் தாண்டும். 2 டிபி எஸ்எஸ்டி இரண்டு வேண்டும். ஒன்று கேமராப் பையில், மற்றது துணிப்பெட்டியில். இரண்டும் ஒரே பையில் இருந்தால் ஒன்று இருப்பதற்குச் சமம். இரண்டிலும் ஏற்றி, இரண்டிலும் சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னே, வியட்நாம் ஒன்றரை மணி நேரம் முன்னே. கேமராக் கடிகாரத்தை நாட்டுக்கு நாடு மாற்ற மறப்பவர்கள் இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு நாட்டின் முதல் நாளிலும் கைப்பேசிக் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

கோயில்களில் கவனம். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுத்துக்கொள்ளக் கூடாது. சிலையை முத்தமிடுவதுபோல் எடுத்த படங்களுக்காக 2012-இல் காலி நீதிமன்றம் மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. சிகிரியா ஓவியங்களைப் படமெடுக்கவே தடை. காத்மாண்டு பசுபதிநாதர் கோயிலுக்குள்ளும் அப்படியே. அந்தக் கோயிலை ஒட்டிய பாக்மதி ஆற்றங்கரையில் சிதை எரிவதை எதிர்க்கரையிலிருந்து நீள லென்ஸில் எடுக்கும் கூட்டம் எப்போதும் நிற்கும். தடை இல்லை என்பதற்காக எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது ஒரு வீட்டுச் சாவு.

காசு கேட்டால்? வேஷம் போட்டுக்கொண்டு படத்துக்காகவே உட்காரும் சாதுக்களுக்கு அது தொழில். தொகையை முன்பே பேசி, எடுத்ததும் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குக் காசும் மிட்டாயும் கொடுக்காதீர்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சாலைக்கு வருவார்கள். கொடைக்கானல் தூண்பாறைப் பக்கம் நாமே பார்ப்பதுதானே. பெற்றவர் பக்கத்தில் இல்லாத பிள்ளையை எடுக்கவே வேண்டாம்.

குன்னூர்

கடைசியாக, படம் திருப்பிக் கொடுப்பது. இன்ஸ்டாக்ஸ் மினி தாளில் படம் 62 × 46 மில்லிமீட்டர்தான், ஒரு பொட்டலத்துக்குப் பத்துத் தாள், செலவும் கூடுதல். மலையகத்தில் அதற்குத் தேவையே இல்லை. ஹட்டன், பதுளை மாதிரி ஊர்களில் ஃபோட்டோக் கடை இருக்கிறது. சாயங்காலம் பென்டிரைவில் கொண்டுபோய் ஆறுக்கு நாலு அங்குல அளவில் போட்டு, மறுநாள் மடுவத்துக்குப் போய்க் கையிலேயே கொடுத்துவிடலாம். மேட் தாளாகக் கேளுங்கள்; பளபளப்புத் தாளில் கொழுந்துக் கறை படிந்த விரல் அப்படியே பதியும். படத்துக்குப் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும். மெல்லிய முனை மார்க்கரில் பெயர், தோட்டம், தேதி எழுதி, ஐந்து நிமிடம் காயவிட்டு அடுக்குங்கள். ஈரமாக அடுக்கினால் எழுத்து அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.