ரத்தம் வரவில்லை, அதனால் ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டேன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்தவர்கள் அங்கே இருக்கும் பழைய பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். எனக்கும் அந்தத் தொழில்தான். 26 வருஷமாகப் பெரிய வீடுகளில் ஏறி இறங்கி, பீங்கான் ஜாடி, வெண்கல உருளி, ஸ்வீடன் எனாமல் தூக்குச்சட்டி என்று வாங்கி விற்கிறேன். இதில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினால் நல்ல ஜாடி ‘டிங்’ என்று இழுத்துச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ‘டொப்’ என்று அங்கேயே அடங்கிவிடும். அந்தக் காதுதான் 2024 மார்ச் மாதம் போனது. இதே மாதிரி யாருக்காவது நடந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்த மறு வாரம் அது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பக்கத்து ஊரில் எனக்கு நீண்ட நாள் பழக்கமான ஐயா ஒருவர், எண்பதை நெருங்குகிறவர், அவருடைய அப்பச்சி காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு ஜாடி பார்க்கப் போயிருந்தேன். முகப்பை ஒட்டிய பழைய கணக்குப்பிள்ளை அறை. பத்தடிக்குப் பத்தடிதான் இருக்கும். கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் கண்ணாடி மாதிரி வழவழத்த சுண்ணாம்புச் சுவர், ஒரே ஒரு ஜன்னல். துணி, மெத்தை, திரைச்சீலை என்று சத்தத்தை வாங்கிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. அந்த அறையில் செருமினாலே இரண்டு தடவை கேட்கும்.

நான் குனிந்து ஜாடிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். “உள்ளே ஒண்ணும் இல்லப்பா, வருஷக்கணக்கா சும்மா கெடக்கு” என்றார் ஐயா. துப்பாக்கியில் தூக்கி நின்ற குதிரையை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலை, மெதுவாக இறக்கப் பார்த்திருக்கிறார். எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது. குழல் மேலே பார்த்து இருந்ததால் யார் மேலும் படவில்லை. சுவரின் உச்சியில் காரை பெயர்ந்து விழுந்தது.

சத்தம் கேட்டதா என்று கேட்டால், கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். இடது கன்னத்தில் யாரோ உள்ளங்கையை விரித்து அறைந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் உலகத்தையே மூடி போட்டு மூடியதுபோல் ஒரு அமைதி. அந்த அமைதிக்குள்ளே ‘ஞ்ஞீ...’ என்று ஒரே சுருதியில் ஒரு விசில். வெடிமருந்து வாடை. ஐயாவின் வாய் திறந்து மூடுவது தெரிகிறது, பேச்சு வரவில்லை. ஆச்சி ஓடி வந்து என் தலை, கழுத்து, முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தார். ரத்தம் இல்லை. உடனே எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. சோடா கொடுத்தார்கள், திருநீறு பூசிவிட்டார்கள். ஐயாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவரைத் தேற்றுவதற்காக நானே “ஒண்ணும் ஆகலைங்க ஐயா” என்று சொன்னேன். அதைச் சொன்ன என் குரலே எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

அங்கேதான் தப்பு செய்தேன். ரத்தம் வந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். எலும்பு முறிந்திருந்தால் கட்டுப் போட்டிருப்பார்கள். வெளியே ஒன்றும் தெரியாததால் இது காயம் என்றே யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பைக்கில் வீட்டுக்கு வந்தேன். இடது பக்கம் உரசினாற்போல் ஒரு பஸ் போனது, பின்னால் அடித்த ஹாரன் காதில் விழவில்லை. அப்போதும் “நாளைக்குச் சரியாகிவிடும்” என்றுதான் நினைத்தேன். மருந்துக் கடையில் காதுச் சொட்டு மருந்து வாங்கி விட்டேன். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நல்லவேளையாக அதை மட்டும் விடவில்லை.

ஐந்தாம் நாள் போனை இடது காதில் வைத்தேன். மறுமுனையில் ஆளே இல்லாததுபோல் இருந்தது. வலது காதுக்கு மாற்றினால் மனைவி பேசிக்கொண்டிருக்கிறாள். அன்று மத்தியானமே மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் செவிப்பறையைப் பார்த்தார். சிவந்திருந்தது, ஓட்டை இல்லை. பிறகு சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் எதுவுமே வரவில்லை. மெஷின் ஓடவில்லையோ என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது.

வரைபடத்தில் இடது காதின் கோடு தணிந்த சுருதியில் ஓரளவு மேலே ஓடி, 4000 ஹெர்ட்ஸ் என்ற மேல் சுருதியில் கிணற்றில் விழுந்ததுபோல் 80 டெசிபலுக்கு இறங்கியிருந்தது. டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. அந்தச் சுருதியில் 80க்குக் குறைந்த சத்தம் எனக்குக் கேட்காது என்று அர்த்தம். வலது காதிலும் அதே இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம். துப்பாக்கி, வெடி மாதிரி திடீர்ச் சத்தத்தால் போகும் காதில் இந்தப் பள்ளம்தான் அடையாளமாம். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் சுமார். 140 தாண்டிய வெடிச்சத்தம் ஒரே தடவையிலேயே காதைக் கெடுத்துவிடும். ‘12 போர்’ (bore, குழல் அளவு) துப்பாக்கி வெடித்தால் 150க்கு மேல் போகும். அதிலும் மூடிய சின்ன அறை.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒன்று இருக்கிறது, அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். நான் விழித்ததைப் பார்த்து அவரே வேறு மாதிரி சொன்னார். “காத்துல நெல்லுப் பயிர் சாஞ்சா ரெண்டு நாள்ல நிமிந்துரும். வேரோட போனது நிமிராது. இதுல மறுநடவும் கிடையாது. உங்களுக்கு எவ்வளவு சாஞ்சிருக்கு, எவ்வளவு வேரோட போயிருக்குன்னு போகப்போகத்தான் தெரியும்.” ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். முதல் சில நாளுக்குள் ஆரம்பிப்பது நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும், உடனே ஆரம்பித்தாலும் எல்லாருக்கும் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். எனக்குச் சர்க்கரை உண்டு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் தினமும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பிறகு செவிப்பறை வழியாக நான்கு ஊசி, வாரத்துக்கு ஒன்று. கேட்கவே பயமாக இருக்கிறது அல்லவா? மரத்துப்போக மருந்து வைத்துத்தான் போடுகிறார்கள், தாங்கிக்கொள்ளலாம்.

தணிந்த சத்தங்கள் பாதிக்கு மேல் திரும்பின. மேல் சுருதி திரும்பவில்லை. அந்த ஐந்து நாளை நினைக்காத நாள் கிடையாது.

காது போனால் சத்தம் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. ச, த, ப, க இதெல்லாம் மங்கிவிடுகிறது. கடையில் ஒருவர் விலை சொன்னால் ‘...பதாயிரம்’ என்று வால் மட்டும் வந்து சேர்கிறது. முப்பதா, நாற்பதா, ஐம்பதா? ஒரு தடவை தப்பாகக் கேட்டு ஒரு தேக்குப் பெட்டியில் நல்ல நஷ்டம். இப்போது கால்குலேட்டரை நீட்டி, “இதுல போட்டுக் காட்டுங்க” என்கிறேன். இன்னொன்று, திசை போய்விட்டது. செல்போன் அடித்தால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கடை முழுக்கத் தேடுவேன். தெருவில் இடது பக்கமிருந்து கூப்பிட்டவர்கள், “ரெண்டு காசு வந்ததும் தலைக்கனம் வந்துருச்சு” என்று பேசியது காதுக்கு வந்தது. அது காது போனதைவிட வலித்தது. அப்புறம்தான் வெட்கத்தை விட்டுவிட்டு, “இடது காது கேக்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்க” என்று சொல்ல ஆரம்பித்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரும் என் வலது பக்கம் இருக்கும்படி இடது ஓரத்து இலையில் உட்காருகிறேன்.

ராத்திரிதான் கஷ்டம். ஊர் அடங்கியதும், அன்றைக்கு ஆரம்பித்து இன்னும் நிற்காத அந்த விசில் இரைச்சல் பெரிதாகும், சுவர்க்கோழி காதுக்குள்ளேயே குடிவந்துவிட்ட மாதிரி. முழு அமைதியில் படுக்கக் கூடாது, தணிவாக வேறு ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்றார் டாக்டர். பழைய டேபிள் ஃபேனை இடது பக்கம் வைத்துக்கொண்டேன். இரைச்சல் போகவில்லை, ஆனால் தூக்கம் வருகிறது.

காதொலிக் கருவி வாங்கி மாட்டிய முதல் நாள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியவில்லை. பேப்பர் புரட்டுவது தகரம் கிழிவதுபோல் இருந்தது. கழற்றி எறிந்துவிடத் தோன்றியது. மூன்று தடவை போய்ச் சரிசெய்துகொண்டபின்தான் ஒத்துவந்தது. முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டு வைத்துவிடுபவர்களுக்குச் சொல்கிறேன், வீட்டில் ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் என்று பழகுங்கள், திரும்பத் திரும்பப் போய்ச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஜாடிக்கு வருகிறேன். இப்போது ஜாடியைத் தரையில் படாமல் ஐந்து விரலால் ஏந்தி, மற்ற கையால் தட்டுகிறேன். நல்ல ஜாடி விரல் நுனியில் நடுங்கிக்கொண்டே இருக்கும், கீறல் விழுந்தது சட்டென்று நின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் கடைப் பையனைத் தட்டச் சொல்லி அவன் முகத்தைப் பார்க்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி

அண்ணே, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. எங்கள் அப்பாவுக்குத் துப்பாக்கி இல்லை, கோயில் அதிர்வேட்டு. சாமி புறப்பாட்டில் மூன்றடி தள்ளி வெடித்தது. வலி, கொஞ்சம் ரத்தக் கசிவு. செவிப்பறை கிழிந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் விடாத அந்தப் பூண்டு எண்ணெயை நாங்கள் விட்டோம். நான்தான் என் கையால் விட்டேன். ஒரு வாரத்தில் சீழ் வந்துவிட்டது. கிழிந்த பறை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், தண்ணீர் படாமல் காய்ந்திருந்தால் போதும், எண்ணெய் விட்டதால்தான் இழுத்துக்கொண்டது என்று டாக்டர் கோபித்தார். மூன்று மாதத்தில் பறை மூடியது. கேட்பதும் பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் அப்பா கருவி வைக்க மாட்டேன் என்கிறார். “கெழவன்னு ஊருக்கே தெரியணுமா” என்கிறார். என்ன சொல்லி வழிக்குக் கொண்டுவருவது?

திருப்பத்தூர் பக்கம், முன்னாள் ராணுவத்தார்

தம்பி, நான் ராணுவத்தில் 17 வருஷம். எங்கள் காலத்தில் பயிற்சிக்குப் போகும்போது காதில் பஞ்சுதான். அது போதவே போதாது. ரப்பர் நுரையில் செய்த அடைப்பானைச் சுருட்டி உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் முதலில் போகும். வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும், இடது காது குழல் வாய்க்கு நேராக இருக்கும். எனக்கும் இடதுதான். இரைச்சல் 30 வருஷமாக இருக்கிறது. ஆரம்பத்தில் அதோடு சண்டை போட்டேன், எப்போது நிற்கும் என்று உற்றுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். உற்றுக் கேட்கக் கேட்க அது வளர்கிறது. வயல் வேலையில் இருக்கும்போது இருப்பதே தெரிவதில்லை. இன்னொன்று, இருக்கிற காதைக் காப்பாற்று. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனாலும் பாக்கெட்டில் அடைப்பான் இருக்கட்டும்.

துப்பாக்கி காலி என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. குழலைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். பெரியவர்மேல் கோபமாகச் சொல்லவில்லை, எங்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான்.

புதுவயலிலிருந்து

அண்ணே, ஒரு காது போனால் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

முதலில் எழுதியவர்

புதுவயல் தம்பிக்கு: நானும் கேட்டுப் பார்த்தேன். 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்தால்தான் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’ என்ற கணக்கில் வரும், 70 என்றால் காது கேளாதவர். எனக்கு வலது காது ஓரளவு நன்றாக இருப்பதால் வராது. இரண்டு காதும் போனவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதித்து அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காதொலிக் கருவியும் தருகிறார்கள்.

ராணுவத்து அண்ணன் சொன்னது என் மனதில் தைத்தது. உற்றுக் கேட்காமல் இருக்க நானும் முயல்கிறேன்.

அந்த ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடந்த இரண்டு மாதம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. செலவுக்குப் பணம் கொடுத்தனுப்பினார், வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் அவர் தூங்க மாட்டார் என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார். தேர்தல் முடிந்து துப்பாக்கியைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னபோது, வேண்டாம் என்று லைசென்ஸையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் இருந்தது. பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். என் இடது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணில் தண்ணீர். எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். இப்போது எப்போது வந்தாலும் அந்தப் பக்கம்தான். அந்த இரண்டு ஜாடியையும் நான் வாங்கிக்கொண்டேன், விற்கவில்லை.

தேவகோட்டைத் தங்கச்சிக்கு: எண்ணெய் விட்டதை நினைத்து மருகாதீர்கள், தெரியாமல் நடந்தது. அப்பாவிடம் வாதாட வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை கருவியைச் சரிபார்க்க மதுரை போகிறேன், காலை ஏழு மணி பஸ். அவரைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வந்துவிடுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறேன். அவருக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று மட்டும் எழுதுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி சீட் பிடிக்க வேண்டும்.