கடைசியாகத் திறந்த ஃபைல் லிஸ்ட்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ரெண்டு வருஷம் முன்னால் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

ஒரு அம்மா விவாகரத்து மனு அடிக்க வந்தார். அடித்து, பிரின்ட் எடுத்து, ஃபைலை அவருடைய பென்டிரைவிலேயே சேவ் செய்து கொடுத்தேன். கடை சிஸ்டத்தில் ஒரு காப்பிகூட வைக்கவில்லை. மறுநாள் அதே தெருக்காரர் ஒருவர் பயோடேட்டா திருத்த வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வேர்டைத் திறந்தேன். முதல் திரையிலேயே, லிஸ்ட்டின் உச்சியில் அந்த அம்மாவின் பெயர், கூடவே ‘டைவர்ஸ் பெட்டிஷன்’. பிரின்டருக்குப் பேப்பர் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அவர் கேட்டார்: “அந்த அக்காவுக்குக் கேஸ் நடக்குதாண்ணே?”

ஃபைல் பென்டிரைவோடு போய்விட்டது, கிளிக் செய்தாலும் திறக்காது. ஆனால் பெயர் ஒன்றே போதுமே. அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான்.

அன்று ராத்திரி கடையிலேயே உட்கார்ந்து தேடினேன். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் போனால் டிஸ்ப்ளே பகுதியில் எத்தனை ஃபைல் காட்டலாம் என்று ஒரு கட்டம். 50 இருந்தது, 0 ஆக்கினேன். எக்ஸலுக்குத் தனியாக அதே வேலை. முடிந்தது என்று நினைத்தால், டாஸ்க்பாரில் வேர்ட் ஐகானை ரைட் கிளிக் செய்ததும் மறுபடி அதே பெயர்கள். விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிற ஜம்ப் லிஸ்ட் அது. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், ஸ்டார்ட் போய் அதைக் காட்டும் சுவிட்சை அணைத்தேன். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பிரைவசி என்று ஒரு இடம், அங்கேயும் டிக்கை எடுத்து கிளியர் கொடுத்தேன்.

இதையெல்லாம் தொடும் முன்பு விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி ‘ரீசன்ட்’ என்று அடித்துப் பார்த்திருந்தேன். ஒரு ஃபோல்டர் திறந்தது. மாதக்கணக்கில் கடைக்கு வந்துபோன எல்லாரும் அதில் இருந்தார்கள். பான் கார்டு, சம்பள சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷார்ட்கட், பெயரோடு. இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது.

இப்போது கஸ்டமர் வேலைக்கு விண்டோஸில் தனி யூசர் வைத்திருக்கிறேன். இந்த லிஸ்ட் யூசருக்கு யூசர் தனி என்பதால் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் என் யூசரில் நிம்மதியாக இருக்கின்றன. ஃபைலுக்கு ஆள் பெயர் வைப்பதே இல்லை, பில் நம்பர்தான்.

*

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு வைத்திருப்பவர்களும் பாருங்கள். செட்டிங்ஸில் பிரைவசிக்குள் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, எத்தனை நாள் ஞாபகம் வைக்கலாம் என்று நாமே சொல்லலாம், அணைத்தும் விடலாம். ஆனால் அதில் வேர்ட், எக்ஸலுக்குப் பதிலாக இருக்கிற லிப்ரே ஆபீஸ் தனக்கென்று வேறு லிஸ்ட் வைத்துக்கொள்ளும். ஃபைல் மெனுவில் ரீசன்ட் டாக்குமென்ட்ஸ் போய் அதைத் தனியாக அழிக்க வேண்டும். எனக்கு இது தெரிய ஒரு வருஷம் ஆனது.

*

எங்கள் வீட்டில் நேர் எதிர். அப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், ஊர்க் கோயிலின் தலவரலாறு எழுதுகிறார். ஃபோல்டர், டிரைவ் எதுவும் அவருக்குத் தெரியாது. வேர்டைத் திறப்பார், லிஸ்ட்டில் இருப்பதைத் தொடுவார். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, சுத்தம் செய்கிறேன் என்று லிஸ்ட்டை அழித்துவிட்டேன். மறுநாள் விடிகாலையில் எழுப்பினார். “நாலு மாச எழுத்து போச்சேப்பா.” குரல் உடைந்திருந்தது. எல்லாம் டாக்குமென்ட்ஸில் பத்திரமாக இருக்கிறது, போனது வெறும் பெயர்ப் பட்டியல்தான் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிய பிறகுதான் காபியைத் தொட்டார்.

அன்றைக்கே ஆறு அத்தியாயத்தையும் லிஸ்ட்டில் ‘பின்’ (pin) செய்து கொடுத்தேன். பின் செய்தால் மேலேயே நிற்கும், பின் செய்யாததை மட்டும் அழிக்கவும் வழி இருக்கிறது. இப்போதும் வேர்டைத் திறந்ததும் திரையில் விரலை வைத்து ஆறும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருகிறார்.