'நோன்பு திறத்தல்' வேறு, 'முறித்தல்' வேறு: 'முறியளவு' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மேல்விஷாரத்திலிருந்து எழுதுகிறேன். சர்க்கரை நோயுள்ளவர்கள் ரமலானில் நோன்பு நோற்பது பற்றிய இணையவழிப் பாடம் ஒன்றின் தமிழ் வடிவத்தைத் திருத்தும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஒரு வாரமாக ஒரே வரியில் நிற்கிறேன்: "சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே நோன்பு திறக்கவும்."

மொழிபெயர்த்தவரை நொந்து பயனில்லை. மாலையில் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பதற்கும் நடுப்பகலில் முடியாமல் தண்ணீர் குடிப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். நமக்கு அப்படி இல்லை. திறப்பது மஃரிபில், அதாவது சூரியன் மறைந்ததும் தொழுகைக்கான பாங்கு சொல்லும்போது; அதற்கு முன்னால் என்றால் முறிப்பது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசுகிறவர்கள்கூட 'ரோஜா கோல்னா', 'ரோஜா தோட்னா' என்று இரண்டாகத்தான் சொல்கிறார்கள். கோல்னா திறப்பது, தோட்னா உடைப்பது.

சொல் நுணுக்கம்தானே என்று விட்டுவிட முடியவில்லை. சென்ற ரமலானில் ஒரு நாள் மாலை நாலு மணிக்கு என் அம்மாவுக்கு மீட்டரில் 64. கஞ்சிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. இந்த வரியைத்தான் படித்துக் காட்டினேன். "சரி, திறக்கிறேன், பாங்கு சொல்லட்டும்" என்றார். பாங்குக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது! சண்டை போட்டுத்தான் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தேன்.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு பங்கேற்று 2021-இல் வந்த ரமலான் வழிகாட்டி இரண்டு எல்லைகளைச் சொல்கிறது: இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் தொடரக்கூடாது. இந்த எல்லைக்கு ஒரு பெயர் வேண்டும். 'முறியளவு' என்கிறேன்: கீழ் முறியளவு, மேல் முறியளவு. 'இடைநிறுத்த அளவு' உதவாது; இடையில் நிறுத்திய நோன்பை அன்றைக்கே மறுபடி தொடங்க முடியாது. 'நோன்பு விடுதல்' என்றால் அன்றைக்கு நோன்பே வைக்கவில்லை என்றுதான் எங்கள் பக்கம் பொருள்.

இன்னொன்று. பாடத்தில் 'சர்க்கரைக் குறைவு' என்று வருகிறது. சர்க்கரை நோயாளியிடம் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார். 'சர்க்கரைச் சரிவு' என்று மாற்றிவிட்டேன்.

—

ஐயா,

குடியாத்தத்திலிருந்து. சரிவு நன்றாக இருக்கிறது. முறிதான் இடிக்கிறது. எலும்பு முறிவு, மணமுறிவு என்று கெட்டதெல்லாம் அதில்தான் வருகிறது. எங்கள் மருந்துக்கடைக்கு வரும் பெரியவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டாலே பாவம் என்று பயப்படுவார்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டே, 'விலக்களவு' என்றால் என்ன?

—

விலக்கை நானும் யோசித்தேன், தம்பி. இரண்டு சிக்கல். நோன்பே வைக்கவேண்டாம் என்று யாருக்குச் சொல்வது என்பதை ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவர் பார்க்கவேண்டும். அதைச் சொல்லும் பாடத்தின் முதல் அத்தியாயத்துக்கு 'விலக்கு' தேவைப்படுகிறது. பிறகு, பெண்களுக்கு விலக்கு என்றால் மாதவிலக்குதான். அந்த நாட்களிலும் நோன்பு இல்லை என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

பயத்தைப் பற்றிச் சொன்னீர்கள். ஊசி போட்டால் நோன்பு முறியுமா, விரலில் குத்திப் பார்த்தால் முறியுமா என்று ரமலான் முழுக்கக் கேட்பதும் அதே பெரியவர்கள்தாம். விரலில் குத்தினால் முறியாது என்று பாடத்திலும் இருக்கிறது. அவர்கள் வாயில் புழங்குகிற வினையை விட்டுவிட்டு மென்மையான ஒன்றைத் தேடினால், என் அம்மாவைப் போல எல்லோரும் பாங்குக்குக் காத்திருப்பார்கள். பயத்துக்கு மருந்தாக ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன். வரி இப்போது இப்படி:

"சர்க்கரை கீழ் முறியளவைவிடக் குறைந்தால், பாங்குக்குக் காத்திராமல் உடனே நோன்பை முறித்து, சர்க்கரை கரைத்த தண்ணீர் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். இது குற்றமல்ல; அந்த நோன்பைப் பின்னால் களாச் செய்துகொள்ளலாம் (வேறொரு நாளில் ஈடாக நோற்கலாம்)."

மேல் முறியளவுக்குத் தனி வரி எழுதவேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் 300 தாண்டியவருக்கும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுவார்கள்.