ராத்திரியானால் மகனுக்குக் கால் உளைச்சல், எப்படித் தூங்க வைக்கிறீர்கள்?

திருநகர் அம்மா:
என் மகனுக்கு 6 வயது முடியப் போகிறது. ஒரு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் ராத்திரி 11 மணி, 12 மணிக்கு எழுந்து உட்கார்ந்து "அம்மா, கால் உளையுது" என்று அழுகிறான். பெரும்பாலும் கெண்டைக்காலில், சில நாள் தொடையில். ஒரு நாள் இடது கால் என்கிறான், மறுநாள் இரண்டும் என்கிறான். அரைமணி நேரம் அமுக்கிவிட்டால் அப்படியே தூங்கிப் போகிறான், காலையில் பார்த்தால் மாடிப்படியில் குதித்து இறங்குகிறான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் தல்லாகுளத்திலிருந்து நடந்தே போய்த் திரும்பினோம், அன்றைக்கு ராத்திரி ரொம்பவே அழுதுவிட்டான்.

என் அத்தை, "வளர்ற பிள்ளைக்கு உளையத்தான் செய்யும்" என்கிறார். வீட்டுக்காரரோ பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான் என்று கோபப்படுகிறார். பக்கத்து கிளினிக்கில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கால்சியம் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரி அவன் அழும்போது நான் என்ன செய்யட்டும்? பயப்பட வேண்டிய வலியா இது?

மேலூர்க்காரி:
முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து எந்தப் பிள்ளையும் நடிக்காது. காலையில் ஓடுகிறான் என்பதற்காக ராத்திரி வலி பொய்யாகிவிடாது. என் மகளுக்கு 5 வயதில் ஆரம்பித்து 9 வயது வரை விட்டுவிட்டு வந்தது, எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

நான் செய்தது இதுதான். ஒரு கரண்டி நல்லெண்ணெயை லேசாகச் சூடு காட்டி, கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி மேல்வாக்கில் மெதுவாக நீவிவிடுவேன். அழுத்தித் தேய்க்கக் கூடாது, உள்ளங்கை முழுவதும் காலோடு ஒட்டியிருக்க வேண்டும். வலி வந்தவுடன் அவள் கால் விரல் அத்தனையையும் உள்ளே மடக்கி இறுக்கிக்கொள்வாள். நீவ நீவ ஒவ்வொரு விரலாக விரியும், கடைசியில் சுண்டுவிரல் விரிந்துவிட்டால் தூங்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். ரொம்ப உளைந்தால் கல் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பேன். உப்பு சூட்டை ரொம்ப நேரம் பிடித்து வைத்திருக்கும், அதனால் முதலில் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிள்ளைத் தோல் சுட்டுவிடும். அப்புறம் அழும்போது "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எங்க உளையுது, காட்டு" என்று கேளுங்கள், அவனே விரல் வைத்துக் காட்டட்டும். அம்மா நம்புகிறாள் என்று தெரிந்தாலே பாதி அழுகை நின்றுவிடும்.

வார்டு அக்கா:
தங்கச்சி, குழந்தைகள் வார்டில் 14 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்வது பொதுவாக 3 வயதிலிருந்து 12 வயது வரை வருகிற வளர்ச்சி வலி மாதிரிதான் இருக்கிறது. பெயர்தான் அப்படி, பிள்ளை வேகமாக உயரும் காலத்தோடு இந்த வலி ஒத்துப்போவதில்லை. பகலில் அதிகம் ஓடி ஆடிய நாளின் ராத்திரியில்தான் பல பிள்ளைகளுக்கு வருகிறது, உங்கள் திருவிழா நாள் மாதிரி.

வலி சதையில் இருக்கும், மூட்டில் இருக்காது. இடது, வலது என்று மாறி மாறி வருவதும் சகஜம்தான். கை வைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: இந்த வலி உள்ள பிள்ளை "இன்னும் அமுக்கு" என்று காலை நீட்டும், வேறு கோளாறு இருந்தால் தொடவே விடாமல் காலை இழுத்துக்கொள்ளும். எப்போதும் ஒரே காலில் ஒரே இடத்தில் வலி, காலையிலும் நொண்டுவது, மூட்டு வீக்கம், சிவப்பு, காய்ச்சல், எடை குறைவது, சோர்ந்து படுத்தே கிடப்பது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும், காலைத் தொட்டு, மடக்கி, நடக்கவிட்டு ஒருவர் பார்க்கத்தான் வேண்டும், அது உங்களுக்கு இன்னும் நடக்கவில்லை.

அமுக்கியும் அடங்காத ராத்திரிக்கு பாராசிட்டமால் கொடுக்கலாம். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது 18 கிலோ பிள்ளைக்கு 180 முதல் 270 வரை. கடையில் 5 மில்லிக்கு 125 என்றும் 250 என்றும் இரண்டு விதமான சிரப் இருக்கிறது, பாட்டிலைப் படிக்காமல் ஊற்றினால் பாதியாகவோ இரட்டிப்பாகவோ போய்விடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. கால்சியம் சிரப்பால் இந்த வலி நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடிக்கடி வந்தால் விட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள், ஆனால் 60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

வாடிப்பட்டி அப்பா:
அக்கா சொன்ன நொண்டல் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பையனுக்கும் வளர்ற வலி என்றுதான் நாங்கள் நாலு நாள் எண்ணெய் தேய்த்தோம். அவன் வலது தொடை இடுக்கை மட்டுமே காட்டினான், காலையில் கழிவறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது இடுப்பு மூட்டில் நீர் கோர்த்திருந்தது. சளிக்காய்ச்சலுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு வருமாம், ஓய்விலேயே ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த நாலு நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

சின்னவளுக்கு வருவது நிஜமாகவே கால் உளைச்சல்தான். அவளுக்குப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் காலை நீட்டி மடக்க வைக்கிறேன். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் சுவரைத் தள்ள வேண்டும். "சுவர் நகருதா பாரு" என்பேன், மூச்சைப் பிடித்துத் தள்ளுவாள். விளையாடிய நாட்களில் தவறாமல் செய்கிறோம், இப்போது எழுந்து அழுவது குறைந்திருக்கிறது.

திருநகர் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன். வேறொரு குழந்தை மருத்துவர் கட்டிலில் படுக்க வைத்து, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றையும் மடக்கிப் பார்த்து, வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். வளர்ச்சி வலிதான் என்றார். எங்கள் வீட்டு சிரப் 250 பாட்டில், 125 என்று நினைத்து 10 மில்லி கொடுக்க இருந்தேன், அக்கா எழுதியதைப் படித்த பிறகுதான் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். நினைத்தாலே கை நடுங்குகிறது.

வலி வந்த நாளைப் பால் கணக்கு எழுதும் காலண்டரில் குறித்து வைக்கிறேன். இதுவரை மூன்று நாள், மூன்றுமே அவன் தெப்பக்குளத்துப் பக்கம் சைக்கிள் ஓட்டிய நாள். நேற்று ராத்திரி நான் எழுவதற்குள் அவர் எழுந்து போய் மகன் காலை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க உளையுது, காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேலூர் அக்கா, எங்களுக்குக் கடைசியில் விரிவது கட்டைவிரல்.