எலெக்ட்ரிக் டிரையல்ஸ் வண்டி: பவரை எங்க குறைக்கணும்?

பாறைப்பாதை:
போன மாசம் பழைய எலெக்ட்ரிக் டிரையல்ஸ் வண்டி (பாறை, மரம்னு தடைகள்மேல மெதுவா ஏறி ஓட்டுற மோட்டார் பைக்) ஒண்ணு வாங்கினேன். கிளட்ச் இல்லாத மாடல், எடை 75 கிலோ, பேட்டரி 1.9 கிலோவாட்-ஹவர். இருக்கிறது இங்கிலாந்துல ஷெஃபீல்டு. போட்டிக்கெல்லாம் போறதில்ல. சனிக்கிழமை காலையில டெர்பிஷயர் பக்கம், மோட்டார் வண்டிக்கு அனுமதி இருக்கிற பைவேகள்ல (கிராமப்புறப் பொதுப் பாதைகள்ல) ரெண்டு மணி நேரம் சுத்தணும், அதுதான் ஆசை.

த்ராட்டிலை, அதாவது கைப்பிடி ஆக்சிலரேட்டரை, தொட்டதும் பாயுது. போன வாரம் ஈரமான சுண்ணாம்புக்கல் படி ஒண்ணு, முழங்கால் உயரம்கூட இல்ல. முன் சக்கரம் ஏறிடுச்சு. பின் சக்கரம் கல்லுல தட்டின அதிர்ச்சியில மணிக்கட்டு தானா கொஞ்சம் திரும்பிடுச்சு. டயர் நின்ன இடத்துலயே சுத்தி, வண்டி பக்கவாட்டுல போய் கல்சுவர்ல மோதுச்சு. தோள்ல நல்ல அடி. 18 வருஷம் பெட்ரோல் வண்டி ஓட்டியிருக்கேன், இப்படி ஆனதில்ல. இதுல ஒன்றேகால் மணி நேரத்துல சார்ஜும் தீந்துடுது.

மொத்த பவரையும் பாதியாக்கிட்டா ரெண்டும் சரியாகுமா? வித்தவர், த்ராட்டில் ஒயர்ல ஒரு ரெசிஸ்டர் போட்டா போதும்னு சொன்னார்.

மலைமேடு:
முதல்ல பின் டயர்ல காத்து எவ்வளவுன்னு பாருங்க. போட்டிக்கு ஓட்டுறவங்க 4, 5 பிஎஸ்ஐ-தான் வைப்பாங்க. பாதையில ஓட்ட 8 வைங்க, ரிம் அடி வாங்காது, உருள்றதுக்கும் லேசா இருக்கும். ஆனா ஈரக்கல்லுல பிடிப்பு கொஞ்சம் குறையும், அதையும் மனசுல வச்சுக்குங்க.

ஒயர்க்கட்டு:
அண்ணா, அந்த ரெசிஸ்டர் வேலையை மட்டும் செஞ்சுடாதீங்க. நான் செஞ்சு பட்டிருக்கேன்.

என்னோடது நார்த் வேல்ஸ்ல ஓட்டுறதுக்காக, பழைய பெட்ரோல் டிரையல்ஸ் வண்டியோட ஃப்ரேம்ல நானே 72 வோல்ட் மோட்டார் ஏத்தின வண்டி. த்ராட்டில்ல இருக்கிறது ஹால் சென்சார், எவ்வளவு முறுக்கினோம்னு காந்தத்தை வச்சு அளந்து வோல்டேஜா அனுப்பும். கைவிட்டிருக்கும்போது 0.8 வோல்ட் வரும், முழுசா முறுக்கினா 4 வோல்ட் கிட்ட. சிக்னல் ஒயர்ல ரெசிஸ்டர் போட்டேன். மேல் அளவு இறங்குச்சு, கூடவே அந்த 0.8-ம் இறங்குச்சு. ரொம்ப இறங்கினா ஒயர் அறுந்துடுச்சுன்னு கன்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரன்டை அளந்து குடுக்கிற பெட்டி) எடுத்துக்கும். ஸ்லேட் குவாரி மேட்டுல பாதி ஏறினப்ப மோட்டார் கட் ஆச்சு. வண்டியோட பின்னாடி சறுக்கி வந்தேன்.

மொத்த பவரைப் பாதியாக்குறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கன்ட்ரோலர்ல ரெண்டு கரன்ட் அளவு தனித்தனியா இருக்கும். பேட்டரி கரன்ட் பவரைக் கட்டுப்படுத்தும், மோட்டார் கரன்ட் இழுவையை. மெதுவா ஏறும்போது கன்ட்ரோலர் வோல்டேஜை இறக்கிக் கரன்டைக் கூட்டும்: பேட்டரியிலருந்து 40 ஆம்பியர் எடுத்து, மோட்டாருக்கு 150 ஆம்பியர் குடுக்க முடியும். அதனால பேட்டரி பக்கம் குறைச்சீங்கன்னா வேகமா ஓடும்போதுதான் பவர் குறையும், படி ஏற வேண்டிய இழுவை அப்படியே இருக்கும். மோட்டார் பக்கம் பாதியாக்கினா வண்டி படியிலேயே நின்னுடும். நான் பேட்டரி பக்கம் 60 ஆம்பியர்ல வச்சிருக்கேன், 4.3 கிலோவாட் வருது. பாதைக்கு அது தாராளம்.

ஆனா உங்களைத் தள்ளிவிட்டது அந்தப் பெரிய பவர் இல்லண்ணா. த்ராட்டிலோட முதல் கால்பங்கு திருப்புதான். பெட்ரோல் வண்டியில ஃப்ளைவீல்னு இன்ஜினோட சேர்ந்து சுத்துற கனமான சக்கரம் இருக்கு, கை குலுங்கினாலும் அதோட கனம் அதை விழுங்கிடும். எலெக்ட்ரிக்ல கை குலுங்கினா டயர் குலுங்கும். யமஹா 2018ல டிஒய்-இ வண்டியை எஃப்ஐஎம் (சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு) நடத்துற டிரையல்-இ கப்ல இறக்கினப்பவே கிளட்ச் வச்சுத்தான் இறக்கினாங்க. உங்க வண்டியில அது இல்லாததால, த்ராட்டில் ஏறுற நேரத்தைத்தான் நீட்டணும். பூஜ்யத்துலருந்து முழுசுக்குப் போக என்னோடதுல 50 மில்லிசெகண்டுனு இருந்தது, 200 ஆக்கினேன். 400-ம் வச்சுப் பார்த்தேன், கீழ கிடக்கிற மரத்தைத் தாண்ட முன் சக்கரம் நேரத்துக்குத் தூக்கல. இறங்குற நேரத்தைத் தொடவே தொடாதீங்க. கையை விட்டா அந்த நொடியே இழுவை நிக்கணும்.

சார்ஜ் விஷயத்துல ரொம்ப எதிர்பார்க்காதீங்க. நீங்களும் வண்டியுமா 160 கிலோன்னு வைங்க, 300 மீட்டர் ஏற 130 வாட்-ஹவர் வேணும், நஷ்டத்தோட 170 ஆயிடும். எந்த மோடுல போனாலும் இதுல பெருசா மாத்தம் வராது. வேகமா முறுக்கி, அடுத்த வளைவுல பிரேக் பிடிக்கிறதுலதான் மிச்சமெல்லாம் போகுது.

கல்லுவண்டி:
ஒண்ணு மட்டும். சாஃப்ட்வேர்ல பவரைக் குறைச்சதால வண்டியோட லைசென்ஸ் வகுப்பு மாறிடாது. வி5சி-ல, அதாவது வண்டியோட பதிவுச் சான்றிதழ்ல, என்ன இருக்கோ அதுதான் கணக்கு. பதிவு பண்ணாத வண்டியை எந்த பைவேயிலயும் இறக்கக் கூடாது.

பாறைப்பாதை:
பதிவு, இன்சூரன்ஸ் ரெண்டும் இருக்கு.

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், தோள் ஆற அவ்வளவு நாள் ஆச்சு. வண்டி வாங்கின கடையில செட்டிங்கைத் தொட முடியாதுன்னுட்டாங்க. வேற ஒரு மெக்கானிக் லேப்டாப்பைச் செருகி ஏறுற நேரத்தை மட்டும் நீட்டிக் குடுத்தார், உச்ச பவர்ல கை வைக்கல. நேத்து அதே படி, அதே ஈரம். நாலு தடவை ஏறினேன். மூணாவது தடவை மணிக்கட்டு பழையபடி திரும்புச்சு, டயர் லேசா ஒரு கால்பங்கு சுத்து நழுவிப் பிடிச்சுக்குச்சு. காத்து 7-ல வச்சேன். நிதானமா ஓட்டினதுல சார்ஜ் 1 மணி 35 நிமிஷம் வந்தது.

ஒயர்க்கட்டு, இறக்கத்துல ரீஜென் (மோட்டாரே பிரேக் மாதிரி இழுத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) ரொம்பப் பிடிக்குது, ஈரப்புல்லுல பின் சக்கரம் இழுபடுது. அதை எவ்வளவுல வச்சிருக்கீங்க?

ஒயர்க்கட்டு:
மழைக்காலத்துல கிட்டத்தட்ட பூஜ்யம் அண்ணா. திரும்ப ஏறுற சார்ஜ் எப்படியும் கொஞ்சம்தான். இறக்கத்துல பின் பிரேக்கை உங்க கையாலயே பிடிங்க, ஒரு விரல் எப்பவும் லீவர் மேல இருக்கட்டும்.